முத்துக்குளித்துறையில் அமைப்பும் மனித எத்தனமும்

தமிழவனின் ‘ஸ்ட்ரக்சுரலிசம்’ 1982இல் வெளிவந்ததை அடுத்து, அமைப்பியல் பற்றிய விவாதம் தமிழ்ச் சிற்றிதழ்களில் சூடுபிடித்தது. மொழி, உறவுமுறை, பொருளுற்பத்தி முதலிய அமைப்புகள் மனிதனை இயக்குகின்றனவா, அன்றி மனிதனே அவற்றை ஆக்குகின்றானா என்பதே அதன் அடிப்படை வினா. லெவி-ஸ்ட்ராஸும் அல்தூசரும் அமைப்புக்கே முதன்மை தந்தனர். அமைப்பு மனிதச் செயலைத் தடுப்பதோடு அதற்கு வழியும் வகுக்கிறது என 1984இல் அந்தோணி கிடென்ஸ் வாதிட்டார். இவ்வினா ஏட்டுச் சுரைக்காயாகிவிடாமல் உரைத்துப் பார்க்க ஏற்ற கல் தூத்துக்குடிக் கடற்கரை.

முத்துச் சிப்பிக்காக மூச்சடக்கி மூழ்கியவர் பரதவர். எனினும் முத்தின் பெரும்பயன் அரசர்க்கும் வணிகர்க்குமே சென்றது. 1530களில் பரதவர்க்கும் முத்துவணிகத்தில் செல்வாக்குப் பெற்றிருந்த இசுலாமிய வணிகர்க்கும் இடையே பூசல் முற்றியது. பரதவரின் தூதுக்குழு கொச்சிக்குச் சென்று போர்த்துகீசியரின் பாதுகாப்பை நாடியது. அதன் விளைவாகப் பல்லாயிரவர் திருமுழுக்குப் பெற்றனர். 1542இல் பிரான்சிஸ் சவேரியார் இக்கரைக்கு வருமுன்பே அம்மாற்றம் நிகழ்ந்துவிட்டது. கடலாதிக்கம் யாரிடமோ அவர் சமயத்தையே மக்கள் ஏற்றனர் என்று இதற்கு அமைப்புவாதி எளிதில் விளக்கம் தந்துவிடக்கூடும்.

அவ்விளக்கம் 1658இல் இடறுகிறது. அவ்வாண்டு தூத்துக்குடியைக் கைப்பற்றிய டச்சுக்காரர் கால்வினியச் சபையினர். கடலும் முத்துக்குளிப்பும் அவர்தம் பிடிக்குள் வந்தன. பரதவரைத் தம் சபைக்கு ஈர்க்கவும் முயன்றனர். பரதவரோ கத்தோலிக்க மரபை விடவில்லை. ஆதிக்கம் கைமாறியது, நம்பிக்கை கைமாறவில்லை.

இதனைத் தனிமனித உறுதியின் வெற்றி என்று மட்டும் கொண்டாடுவதும் பிழை. சாதித்தலைவர் பதவி, ஊர்க்கட்டு, மணவுறவு, மாதா வழிபாடு ஆகியவையே அவ்வுறுதிக்குத் தூண்களாக நின்றன. ஓர் அமைப்பை எதிர்க்க மற்றோர் அமைப்பே வலுவளித்தது. கொச்சிக்குச் சென்ற அன்றைய தேர்வு, ஒரு நூற்றாண்டிற்குப் பின் மரபாக இறுகி, அடுத்த தலைமுறைகளின் அரணாயிற்று. செயல் அமைப்பாவதும், அமைப்பு செயலுக்கு ஊன்றுகோலாவதும் இவ்வாறே.

எஞ்சும் வினா ஒன்றுண்டு. கொச்சிக்குச் சென்றோர் பட்டங்கட்டிகளாகிய தலைவர்கள். இடுப்புக் கயிற்றை நம்பிக் கடலடியில் இறங்கியவனுக்கு அத்தேர்வில் எத்துணைப் பங்கு இருந்தது? ஆவணங்கள் ஆட்சியாளரின் கணக்கையும் தலைவரின் பெயரையும் காத்தன. மூழ்கியவனின் சொல்லைக் காக்கவில்லை. 1961உடன் தூத்துக்குடியின் பெரும் முத்துக்குளிப்புகளும் ஓய்ந்தன. மனித எத்தனம் என்று பேசுவோர், எந்த மனிதனின் எத்தனம் என்பதையும் உடன் கேட்டாக வேண்டும். அக்கேள்வியின்றி எழுதப்படும் வரலாறு கரையில் நின்றவர் வரலாறாகவே முடியும்.