தீட்டிய அரிசியும் தீட்டான கைகளும்

சாகே பற்றிய தொடக்கநிலைச் சான்றிதழ் ஒன்றுக்காகச் சில வாரங்கள் ஆன்லைனில் படித்தேன். வரலாறு படித்தவள் நான். நொதிக்கவைக்கும் உணவுகள் மீது நெடுநாள் ஆர்வம். அரிசியிலிருந்து மது எப்படி வருகிறது என்று தெரிந்துகொள்ள விரும்பினேன், அவ்வளவுதான். பாடங்கள் எளிமையாக இருந்தன. அரிசி, தண்ணீர், ஈஸ்ட், கோஜி என்னும் பூஞ்சை. அரிசியைத் தீட்டத் தீட்டச் சாகேயின் தரப்பெயர் மாறுகிறது. மணியில் 60 விழுக்காடோ அதற்குக் குறைவாகவோ மிஞ்சும்படி தீட்டினால் கின்ஜோ, 50 அல்லது அதற்கும் கீழே போனால் டைகின்ஜோ. இதையெல்லாம் துண்டு அட்டைகளில் எழுதி மனப்பாடம் செய்தேன்.

வரலாற்றுக்கு ஒரே ஒரு பக்கம். பழங்காலத்தில் கன்னிப்பெண்கள் அரிசியை மென்று துப்பிச் சாகே செய்தார்கள், பின்னர் கைதேர்ந்த ஆண்கள் அதைக் கலையாக வளர்த்தார்கள் என்று இரண்டு வரிகள். அந்தப் ‘பின்னர்’ என்னைத் தூங்கவிடவில்லை. ஆயிரம் ஆண்டுகளை ஒரு சொல்லால் தாண்டிவிடலாமா?

மெல்வதிலிருந்தே தொடங்குகிறேன். ஈஸ்ட் சர்க்கரையைத்தான் உண்ணும். அரிசியில் இருப்பதோ மாவுச்சத்து. அதை முதலில் சர்க்கரையாக்க வேண்டும். எச்சிலில் உள்ள நொதி அதைச் செய்யும். சோற்றை நெடுநேரம் மென்றால் இனிப்பது இதனால்தான். இன்று கோஜி செய்யும் வேலையும் இதுவே. ஆக, மென்று துப்பியது அருவருக்கவேண்டிய காட்டு வழக்கம் அல்ல. ஒரு வேதியியல் சிக்கலுக்கு மனிதர் கண்ட முதல் விடை. ‘யுவர் நேம்’ என்ற 2016ஆம் ஆண்டு அனிமேஷன் படத்தைப் பார்த்தவர்களுக்குக் கோயில் பெண் அரிசி மெல்லும் காட்சி நினைவிருக்கும். ஆனால் எட்டாம் நூற்றாண்டில் தொகுக்கத் தொடங்கிய நாட்டுக் குறிப்புகளில், ஓசுமி பகுதியைப் பற்றி எஞ்சியிருக்கும் துணுக்கு வேறு மாதிரி சொல்கிறது. ஊரில் ஆண்களும் பெண்களும் ஒன்றாகக் கூடி மென்று தொட்டியில் துப்பினார்களாம். கன்னி என்ற பேச்சே அங்கு இல்லை. அந்த அடைமொழி குடிப்பவர்களின் கற்பனையில் ஊறிய சுவை என்றுதான் எனக்குப் படுகிறது.

சாகே ஆலையின் தலைமைத் தயாரிப்பாளருக்குத் தோஜி என்று பெயர். வீட்டுத் தலைவியைக் குறிக்கும் பழைய ஜப்பானியச் சொல்லும் தோஜிதான். இந்தச் சொல்லிலிருந்தே அது வந்தது என்பார் உண்டு, மறுப்பாரும் உண்டு. சொற்பிறப்பை மட்டும் வைத்து நான் வாதாடப்போவதில்லை. அதைவிட உறுதியான சாட்சி ஒரு பௌத்தத் துறவியிடமிருந்து கிடைக்கிறது, அதுவும் வசையாக.

ஒன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கியோகாய் என்ற துறவி தொகுத்த ‘நிஹோன் ரியோயிகி’யில் ஹிரோமுஷிமே என்ற பெண்ணின் கதை வருகிறது. சனுகி நாட்டில் ஓர் உள்ளூர் அதிகாரியின் மனைவி. கால்நடை, அடிமைகள், நெல், பணம், வயல் எல்லாம் அவளிடம் உண்டு. சாகேயில் தண்ணீர் கலந்து விற்றாள். சிறிய படியால் அளந்து கடன் கொடுத்துப் பெரிய படியால் திரும்ப வாங்கினாள். 776இல் இறந்தவள் ஏழாம் நாள் மீண்டும் எழுந்தபோது இடுப்புக்கு மேலே மாடாகி, நெற்றியில் கொம்பு முளைத்திருந்ததாம். பேராசைக்கு எதிரான போதனை இது, சரி. ஆனால் கதை கேட்டவர்கள் மாட்டுத்தலையைக் கண்டுதான் வியந்திருப்பார்கள்; ஒரு பெண் சாகே விற்று வட்டிக்குக் கொடுத்துச் செல்வம் சேர்த்ததைக் கண்டு அல்ல. துறவியும் அதற்கு விளக்கம் சொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை. தண்டனை பெற்ற பெண்கள் மூலமாகத்தான் நமக்கு இப்படிப்பட்ட செய்திகள் வந்துசேர்கின்றன.

இடைக்கால நகைச்சுவை நாடகமான கியோகெனிலும் ஒரு சாகே வணிகப் பெண் இருக்கிறாள். ‘ஓபாகசாகே’யில் ஓசிச் சாகே தராத அத்தையை மருமகன் பேய்முகமூடி போட்டு மிரட்டுகிறான். அத்தையின் கையிருப்பும் கண்டிப்பும் இல்லையென்றால் அந்த நாடகமே இல்லை.

இந்தப் பெண்கள் எப்போது வெளியேற்றப்பட்டார்கள்? எடோ காலத்தில். 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் குளிர்காலத்தில் மட்டுமே சாகே செய்யலாம் என்று ஷோகன் அரசு கட்டுப்படுத்தியது. பனிக்காலத்தில் வயல்வேலை இல்லாத விவசாயிகள், குறிப்பாகத் தம்பா மலைப்பகுதி ஆண்கள், நாதா கடற்கரையின் பெரிய ஆலைகளுக்கு வேலைக்குப் போனார்கள். மாதக்கணக்கில் அங்கேயே உண்டு, அங்கேயே உறங்கினார்கள். வேலை ஊர்வாரியாக, ஆண்வழியாகக் கைமாறியது. ஊரில் குழந்தைகளையும் முதியவர்களையும் மாடுகளையும் பார்த்துக்கொண்டது யார் என்று எந்தப் பாடத்திலும் இல்லை. இந்த ஏற்பாட்டோடு சேர்ந்துதான் பெண்கள் ஆலைக்குள் காலடி வைக்கக்கூடாது என்ற தடையும் இறுகியது. மாதவிலக்கு இரத்தம் அசுத்தம், தெய்வத்துக்கு ஆகாது, ஆண்களின் கவனம் சிதறும் எனப் பல காரணங்கள் சொல்லப்பட்டன. தீட்டு முதலில் வந்து ஆலை பின்னால் வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. வீட்டு வேலையாக இருந்தது கூலியும் லாபமும் தரும் தொழிலானபோது, கதவைச் சாத்தத் தீட்டு கைக்கு வசதியான தாழ்ப்பாளாக இருந்தது.

பிற்காலத்தில் அதற்கு அறிவியல் சாயமும் பூசினார்கள். பெண்கள் தவிட்டு ஊறுகாயில் கைவிட்டுக் கிளறுகிறவர்கள், அந்தக் கிருமிகள் சாகேயைக் கெடுத்துவிடும் என்று. இதைப் படித்தபோது சிரித்துவிட்டேன். எங்கள் வீட்டில் ‘அந்த மூன்று நாள்’ ஊறுகாய் ஜாடியைத் தொட்டால் ஊறுகாய் கெட்டுவிடும். அங்கே ஊறுகாயைத் தொட்ட கை சாகேக்கு ஆகாது. இங்கே அதே கை ஊறுகாய்க்கே ஆகாது.

தடைக்கு நடுவிலும் ஒரு பெயர் தப்பிப் பிழைத்திருக்கிறது. நிஷினோமியாவில் ‘ஹகுஷிகா’ சாகேயைத் தயாரித்த தத்சுஉமா குடும்பத்தின் மகள் கியோ, 1809இல் பிறந்தவர். வீட்டோடு மாப்பிள்ளையாக வந்த கணவர் இறந்தபோது அவருக்கு வயது நாற்பதுகளில். தொழிலை அவரே நடத்தினார். ஆனால் வெளியில் வணிகர்களோடு பேசியவர் தலைமைக் கணக்குப்பிள்ளை. முடிவெடுத்தவர் திரைக்குப் பின்னால் இருந்தார். பிள்ளைகளின் திருமணங்களைத் தொழில் உறவுகளாக்கினார். 1900இல் அவர் இறந்தபோது ஜப்பானின் மிகப்பெரிய சாகே நிறுவனங்களில் ஒன்று அவர்களுடையது. அமெரிக்க வரலாற்றாசிரியர் ஜாய்ஸ் லெப்ரா எழுதியிராவிட்டால் எனக்கு இவரைத் தெரிந்திருக்காது. பெருமைப்படும்போதே ஒன்றையும் சொல்லவேண்டும்: கியோவின் ஆலையிலும் சாகே செய்தவர்கள் ஆண்களே. சொத்தும் குடும்பப் பெயரும் ஒரு பெண்ணைக் கணக்கறைவரை கொண்டுபோயின. நொதிக்கும் தொட்டிவரை கொண்டுபோகவில்லை.

பண்ணை வீடுகளின் பெண்களுக்கு அடுக்களையாவது மிஞ்சியிருந்தது. கலங்கலான வெள்ளைச் சாகேயான தோபுரோகுவை அவர்கள் வீட்டிலேயே ஊறவைத்தார்கள். 1899இல் மெய்ஜி அரசு வீட்டுத் தயாரிப்பை முற்றாகத் தடைசெய்தது. காரணம் ஒழுக்கமல்ல, வரி. சீனாவோடு போர் முடிந்து, படைபலத்தைப் பெருக்கிக்கொண்டிருந்த அரசுக்கு மதுவரி நிலவரியையும் முந்திய வருவாயாகிவிட்டது. பாட்டி பேத்திக்குக் கற்றுக்கொடுத்தது ஒரே சட்டத்தில் குற்றமானது. உரிமமின்றி வீட்டில் சாகே செய்வது ஜப்பானில் இன்றும் குற்றமே. எனக்கு எடோ காலத் தீட்டைவிட இந்தச் சட்டம்தான் அதிகம் உறுத்துகிறது. தீட்டு ஆலை வாசலில் நின்றது; சட்டம் அடுப்படிக்குள் வந்தது.

போருக்குப் பிறகு 1947இல் வந்த தொழிலாளர் சட்டம், பெண்களைக் காப்பதாகச் சொல்லி, இரவு 10 முதல் காலை 5 வரை வேலை செய்யத் தடைவிதித்தது. கோஜியோ ஏறத்தாழ இரண்டு நாள் வளரும். நள்ளிரவிலும் எழுந்து சூடு பார்த்துக் கிளறிவிட வேண்டும். இரவைப் பறித்துவிட்டால் கோஜி அறையைப் பறித்ததாகும். இந்தக் கட்டுப்பாடு 1999இல்தான் நீங்கியது. நம் தொழிற்சாலைச் சட்டமும் 1948இல் இதே பரிவோடு பெண்களின் இரவைப் பூட்டியது.

ஹிரோஷிமா மாநிலத்தின் அகித்சுவில், 1868இல் தொடங்கிய குடும்ப ஆலையில் இப்போது தோஜியாக இருப்பவர் மிஹோ இமாதா. தோக்கியோவில் நோ நாடகத் துறையில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். வழக்கொழிந்துபோன ஹத்தன்சோ என்ற நெல்லை மீட்டெடுத்து அதில் சாகே செய்கிறார். 2020இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். அவர் படத்தில் நான் முதலில் பார்த்தது கைகளைத்தான்.

தேர்வு நாளன்று தோஜி பற்றி ஒரு வினா வந்தது. சாகே ஆலையின் தலைமைத் தயாரிப்பாளரை எப்படி அழைப்பர்? நான்கு விடைகளில் சரியானதைக் குறித்துவிட்டு அடுத்த வினாவுக்குப் போனேன். அது அரிசி தீட்டும் அளவைப் பற்றியது.