மல்லாட்டையும் மணிலா சோறும்

காஞ்சன்பாக் பக்கம் தமிழ்க் குடும்பங்களுக்குப் பஞ்சமில்லை. 1982ல் அப்துல் கலாம் டி.ஆர்.டி.எல். இயக்குநராக வந்து சேர்ந்த பேட்டை இது. சுற்றிலும் ஏவுகணை, உலோகம் என்று ஆய்வுக்கூடங்கள். வேலைக்கு வந்து அப்படியே தங்கிவிட்ட நம்மவர்களில் நானும் ஒருவன். ஞாயிறுதோறும் எங்கள் வீட்டில் பிலிப்பைன்ஸ் பாணியில் இறாலும் கணவாயும் போட்டு வறுத்த சோறுதான். "நம்ம ஊர்ச் சாப்பாடு இருக்க இதென்னங்க மணிலா சமையல்?" என்று கேட்கும் நண்பர்களுக்காக இந்தப் பதிவு.

மணிலா நமக்கு அந்நியமே இல்லை. விழுப்புரம், கடலூர் பக்கம் நிலக்கடலைக்கு என்ன பேர்? மல்லாட்டை. 'மணிலாக் கொட்டை' வாயில் புரண்டு புரண்டு அப்படி ஆனது. பயிரின் பூர்வீகம் தென் அமெரிக்கா. 1565 முதல் 1815 வரை ஸ்பெயின்காரர்களின் கப்பல்கள் மெக்சிகோவின் அகபுல்கோவுக்கும் மணிலாவுக்கும் இடையே ஓடின. மணிலாவிலிருந்து சீனப் பட்டு போகும், அங்கிருந்து வெள்ளி வரும். கூடவே அமெரிக்கக் கண்டத்துப் பயிர்களும் வந்து இறங்கின.

சோற்றுக்கு வருவோம். இதன் அடிப்படைக்கு அவர்கள் ஊரில் சினங்காக் என்று பேர். ராத்திரி மிஞ்சிய சோற்றைக் காலையில் பூண்டு போட்டு வறுப்பது. நாம் தண்ணீர் ஊற்றிப் பழையது ஆக்கினோம், அவர்கள் வாணலியில் போட்டார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். அதில் சேரும் சோயா சாஸ், மணிலாவில் குடியேறிய சீன வணிகர்கள் தந்தது.

செய்முறை சுலபம். முந்தின நாள் சோனா மசூரி சோற்றைக் கையால் உதிர்த்துக்கொள்ளுங்கள். பத்துப் பன்னிரண்டு பல் பூண்டைத் தட்டி எண்ணெயில் பொன்னிறமாக வறுத்து, பாதியை எடுத்து வையுங்கள். அதே எண்ணெயில் இறால், கணவாயை இரண்டு மூன்று நிமிஷம் மட்டும் புரட்டி எடுங்கள். அதிகம் வெந்தால் கணவாய் ரப்பர்தான்! பிறகு பெரிய தீயில் சோறு, கொஞ்சம் சோயா சாஸ், மிளகு. கடைசியில் இறால், கணவாய், வெங்காயத்தாள், மீதிப் பூண்டு, எலுமிச்சைச் சாறு. இங்கே கிடைக்கும் இறால் பெரும்பாலும் ஆந்திரக் குளங்களில் வளரும் வனாமி. அதன் பூர்வீகமும் மெக்சிகோ தொடங்கித் தெற்கே நீளும் பசிபிக் கரைதான். இந்தியாவில் வளர்க்க அனுமதி கிடைத்தது 2009ல்.

இனி நம்மாட்கள் கதை. 1762ல் இங்கிலாந்துக்கும் ஸ்பெயினுக்கும் சண்டை. மதராஸிலிருந்து டிரேப்பர் தலைமையில் கிளம்பிய படை அக்டோபரில் மணிலாவைப் பிடித்தது. அதில் கம்பெனியின் மதராஸ் சிப்பாய்கள் சில நூறு பேர். 1764ல் ஊரை ஸ்பெயினிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு ஆங்கிலேயர் கப்பலேறினார்கள். சிப்பாய்களில் ஒரு பகுதியினர் ஏறவில்லை. மணிலாவுக்குக் கிழக்கே கைந்தா என்ற ஊரில், உள்ளூர்ப் பெண்களைக் கட்டிக்கொண்டு தங்கிவிட்டார்கள். மல்லாட்டையை அரைத்து ஊற்றிச் செய்யும் 'காரே-காரே' என்ற குழம்பு அவர்கள் வைத்த கறியிலிருந்து வந்தது என்று சொல்வார்கள். வேறு விளக்கங்களும் உண்டு, நான் சத்தியம் பண்ண மாட்டேன்.

ஆனால் ஒன்று நிச்சயம். அந்தச் சந்ததி இன்று பேசுவது தகாலோக். சிப்பாய்கள் பேசிய மொழி அங்கே இல்லை.

இதைப் படித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. இங்கே பிறந்த என் பிள்ளைகளுக்குத் தெலுங்கும் இந்தியும்தான் முதலில் வாயில் வருகின்றன. வீட்டில் சாம்பார் வைக்கிறோமே, தமிழ் தானாக நிற்கும் என்று பலரும் நினைக்கிறோம். நிற்காதுங்க. குழம்பு வேண்டுமானால் தங்கும், மொழி பேசினால்தான் தங்கும்.

அதனால் எங்கள் வீட்டில் ஒரு சட்டம். ஞாயிறு பூண்டு உரிக்க உட்காருபவர், உரித்து முடிக்கும்வரை தமிழில்தான் பேச வேண்டும். போன வாரம் சின்னவள் கேட்டாள்: "அப்பா, 'பல்'னா டீத் தானே? பூண்டுக்கு எதுக்குப் பல்லு?"

இப்போதெல்லாம் வேண்டுமென்றே பூண்டு அதிகமாகப் போடுகிறேன்.