பறங்கியர் கொணர்ந்த மரமுந்திரிகை

புத்தளத்திலும் மன்னாரிலும் மட்டக்களப்பிலும் மணற்பாங்கான நிலத்தில் மரமுந்திரிகை செழித்து நிற்பதைக் காண்போர், அதனை இம்மண்ணுக்கே உரிய மரமென எண்ணுவர். அதன் தாயகமோ பிறேசில் நாட்டின் வடகீழ்க் கரையாகும். அங்கு வாழ்ந்த தூப்பி மக்கள் ‘அக்கஜு’ என்றதைப் போர்த்துக்கேயர் ‘கஜு’ எனச் சுருக்கினர். சிங்களத்தில் இன்றளவும் நிலைத்திருப்பது அச்சொல்லே. தமிழர் கொடிமுந்திரிகையினின்றும் வேறுபடுத்தி மரமுந்திரிகை என்றனர். மலையாளக் கரையாரோ ‘பறங்கியண்டி’ என்று, கொண்டுவந்தவர் பெயரையே கொட்டைக்குச் சூட்டிவிட்டனர்.

கொச்சியிலே இம்மரத்தைக் கண்ட செய்தியைக் கிறிஸ்தோவன் த அக்கோஸ்தா என்னும் மருத்துவர் 1578இல் வெளியிட்ட நூலிற் பதிந்துள்ளார். கடலோர மண் அரிக்கப்படாமற் காக்கவே பறங்கியர் இதனை நட்டனர் என்பது வழிவழிக் கூற்று. ஆயினும், பழச்சாற்றிலிருந்து மது வடிக்கும் ஆசையும் அதற்குக் குறைந்த காரணமாக இருந்திராது. கோவாவின் ‘பெனி’ இன்றும் பெயர்போனதன்றோ!

வறண்ட மணலிலும் வேரோடி நிற்கும் இம்மரம் பூக்குங் காலத்தில் மட்டும் வெயிலை வேண்டி நிற்கும். அப்போது மழை பெய்யின் பூங்கொத்துக்கள் பூஞ்சண நோயாற் கருகிவிடும். நம் வரண்ட வலயம் இதற்கேற்றதாக அமைந்தமை இதனாலேயே. கொட்டை முதலில் முற்ற, அதனைத் தாங்கும் காம்பே பின்னர் பருத்துப் பழம்போலாகின்றது.

பருப்பு இனியது, ஓடோ கொடியது. ஓட்டிலுள்ள எண்ணெய் தோலைச் சுட்டுப் புண்ணாக்கும். ஆகவே வறுத்து உடைத்தல் வேண்டும். இருபதாம் நூற்றாண்டிற் கொல்லத்து ஆலைகளில் இவ்வேலையைச் செய்தோர் பெரும்பாலும் பெண்களே. விரல்களிற் சாம்பலைப் பூசிக்கொண்டு, நாள் முழுதும் குந்தியிருந்து உடைத்தனர். அவர்கள் உடைத்த கொட்டையிற் பெரும்பங்கு, போர்த்துக்கேயர் முன்னர் மரத்தைக் கொண்டுசென்று நட்ட கிழக்காபிரிக்காவிலிருந்தே கப்பலேறி வந்தது.

மொசாம்பிக் 1975இல் விடுதலை பெற்றபின் தன் கொட்டையைத் தானே உடைக்க முயன்றது. 1977 தொடங்கி 1992 வரை நீடித்த உள்நாட்டுப் போர் தோட்டங்களைப் பாழாக்கியது. 1995இல், உலக வங்கியின் வற்புறுத்தலால், உடைக்காத கொட்டைமீதான ஏற்றுமதி வரியை அந்நாடு குறைக்க நேர்ந்தது. கொட்டை மறுபடியும் இந்தியாவுக்குக் கப்பலேறியது. சில ஆண்டுகளுள் அங்குள்ள பெரிய ஆலைகளிற் பெரும்பாலானவை மூடப்பட, அவற்றை நம்பியிருந்த பெண்கள் வெறுங்கையோடு வீடு திரும்பினர்.