காயம் செய்யாத கூர்மை

மடக்குக் கத்தி நன்றாக மழிக்கும். கை தவறினால் தோலையும் கிழிக்கும். கூர்மை குறையாமல் ஆபத்தை மட்டும் குறைக்க இயலுமா? 18ஆம் நூற்றாண்டில் பாரிசில் கத்தி செய்துவந்த ழான் ழாக் பெரே, விளிம்பு மட்டும் சிறிதே வெளியே தெரியும்படி கத்திக்கு மரக் காப்பு ஒன்றைப் பொருத்தினார். பாதுகாப்புச் சவரக் கருவியின் அடிப்படை இதுவே.

1880இல் நியூயார்க்கின் கேம்ப்ஃபே சகோதரர்கள் காப்புள்ள கருவி ஒன்றிற்குக் காப்புரிமை பெற்றனர். ஆனால் அதன் தடித்த அலகை அடிக்கடி தீட்ட வேண்டியிருந்தது. தீட்டாமல் எறிந்துவிடத்தக்க மெல்லிய எஃகு அலகு என்னும் கருத்து 1895இல் கிங் கேம்ப் ஜில்லெட்டிற்குத் தோன்றியது. மெல்லிய தகட்டைக் கடினமாக்கிக் கூர்தீட்டப் பொறியாளர் வில்லியம் நிக்கர்சன் வழிகண்டார். 1903இல் விற்றவை 51 கருவிகளே! 1904இல் காப்புரிமை கிடைத்தது.

மெல்லிய பிளேடு துவளாதது எப்படி? ஒரு தாளின் ஓரத்தைப் பிடித்து நீட்டினால் அது தொங்கும். சற்றே குழிவாக வளைத்துப் பிடித்தால் நிமிர்ந்து நிற்கும். கருவியின் தலைப்பகுதியும் பிளேடை இவ்வாறே வளைத்து இறுக்குகிறது.

பிளேடின் விளிம்பு காப்புக்கு வெளியே நீளுமளவும், இரண்டிற்கும் உள்ள இடைவெளியும் குறைந்தால் கருவி மென்மையானது. 1958இல் ஜில்லெட் நிறுவனம் இந்த இடைவெளியை 1 முதல் 9 வரை மாற்றத்தக்க கருவியையே வெளியிட்டது. ஆனால் இடைவெளி மட்டும் போதாது. விளிம்பிற்கு அருகில் இறுகப் பிடிக்காவிடில் பிளேடு அதிரும். அதிர்ந்தால் முடி இழுபடும், தோல் எரியும். குறைவாக வெளிப்பட்டு, உறுதியாகப் பிடிக்கப்பட்ட விளிம்பே மென்மையாகவும் திறம்படவும் மழிக்கும். வாங்குவோர் பளபளப்பை விட்டு, இவ்விரண்டையும் கவனிப்பது நலம்.