கூடைப்பந்தும் சிறு கல்லூரிகளும்

புக்கிட் மெர்தாஜாம் நகரில் மாலை ஐந்து மணிக்குமேல் நடந்து செல்வோர் ஓர் ஓசையைக் கேளாதிருக்க இயலாது. சிமெண்டுத் தரையில் பந்து துள்ளும் ஓசை அது. சீனப் பள்ளிகளின் வளாகங்களில் எழும் அவ்வோசை, குன்றின் நிழல் நகரின்மேல் படியும்வரை ஓய்வதில்லை. 1918-ஆம் ஆண்டில் தோன்றிய ஜிட் சின் பள்ளி முதலாக, இந்நகரில் சீனச் சமூகம் எழுப்பிய கல்விக்கூடங்களில் கூடைப்பந்துக் களம் இல்லாத ஒன்றைக் காண்பது அரிது.

ஒரு நாள் மாலையில் என் பள்ளி மாணவன் ஒருவன், அத்தகைய களம் ஒன்றின் வேலிக்கு வெளியே, புத்தகப் பையைத் தோளினின்று இறக்காமலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அருகில் சென்றேன். அவன் திரும்பி, "ஐயா, நமக்கு இந்த ஆட்டம் இல்லையா?" என்று கேட்டான்.

'எனக்கு' என்று அவன் கேட்கவில்லை. 'நமக்கு' என்று கேட்டான். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உண்டு என்று சொல்லவும் துணிவில்லை. அந்தச் சிறுவனின் வினாவுக்கு வரலாறு என்ன விடை தருகிறது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆட்டம் பிறந்த கதை

உலகின் பெரும்பாலான விளையாட்டுகளுக்குப் பிறந்த நாள் தெரியாது. கூடைப்பந்துக்கோ அது திட்டமாகத் தெரியும். 1891-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் இவ்வாட்டம் பிறந்தது. கனடா நாட்டவராகிய ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர் இதனைப் படைத்தார். அப்போது அவருக்கு வயது முப்பது. பனிக்காலத்தில் வெளியே சென்று ஆட இயலாமல் சலிப்புற்றிருந்த பதினெட்டு மாணவர்களை அடக்கி ஆளும் பொறுப்பு அவர்மேல் விழுந்தது. பீச் பழம் வைக்கும் கூடைகள் இரண்டினைப் பத்தடி உயரத்தில் மாட்டி, பதின்மூன்று விதிகளை எழுதி, ஒன்பதுபேர் கொண்ட இரண்டு அணிகளாகப் பிரித்து ஆடச் செய்தார். அந்த முதல் ஆட்டத்தில் விழுந்தது ஒரே ஒரு கூடைதான்.

இதில் நாம் கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. இது செல்வர் மாளிகையிலோ படைவீரர் பாசறையிலோ பிறந்த ஆட்டமன்று. அடங்காத வகுப்பு ஒன்றை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று திகைத்த ஆசிரியர் ஒருவரின் கவலையிலிருந்து பிறந்த ஆட்டம். ஆசிரியப் பயிற்சி பெற்ற எவருக்கும் அந்தக் கவலை புதியதன்று.

அந்த முதல் ஆட்டத்தில் ஆடிய மாணவர் டங்கன் பேட்டன் என்பவர் 1894-ஆம் ஆண்டில் இவ்வாட்டத்தை இந்தியாவுக்குக் கொண்டு சென்றார். சீன நாட்டின் தியென்ஜின் நகருக்கு அது 1895-ஆம் ஆண்டளவில் வந்து சேர்ந்தது. அஃதாவது, சீன மண்ணை அடைந்த அதே காலத்திலேயே இவ்வாட்டம் இந்திய மண்ணையும் அடைந்துவிட்டது. ஆயினும் 1936-ஆம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக்கில் கூடைப்பந்து முதன்முதலாகச் சேர்க்கப்பட்டபோது அங்கே சென்று ஆடிய ஆசிய அணிகள் சீனம், ஜப்பான், பிலிப்பைன்ஸ் ஆகியவையே. விதை ஒரே காலத்தில் விழுந்தும் விளைச்சல் வேறுபட்டது ஏன்? இதுவே நாம் ஆராய வேண்டிய செய்தி.

சென்னைக்கு வந்த ஸ்பிரிங்ஃபீல்டு

தமிழ் மண்ணில் இவ்விதைக்கு நீர் வார்த்தவருள் முதன்மையானவர் ஹாரி குரோ பக் ஆவார். ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்ற இவர் 1919-இல் சென்னைக்கு வந்தார். மறு ஆண்டே, 1920-இல், உடற்கல்வி ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் ஒய்.எம்.சி.ஏ. கல்லூரியைத் தொடங்கினார். ஒரு சில மாணவர்களோடு தொடங்கிய அக்கல்லூரி, ஆசியக் கண்டத்தின் முதல் உடற்கல்விக் கல்லூரி எனப் போற்றப்படுகிறது. 1924-ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்குக்குச் சென்ற இந்திய அணியோடு பக் அவர்களும் உடன் சென்றார். 1943-இல் அவர் மறையும்வரை அக்கல்லூரியே அவர் வாழ்வாக இருந்தது.

பக் அவர்களின் பணியில் போற்றத்தக்கது, அவர் ஆட்டக்காரர்களை மட்டும் உருவாக்க முனையாமல் ஆசிரியர்களை உருவாக்கினார் என்பதாகும். ஆட்டக்காரன் ஒருவனின் ஆற்றல் அவனோடு முடியும். ஆசிரியன் ஒருவனின் ஆற்றல் நூறு பள்ளித் திடல்களில் முளைக்கும். ஊதுகுழலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு சிற்றூர்ப் பள்ளிகளுக்குச் சென்ற உடற்பயிற்சி ஆசிரியர்களால்தான் தமிழ்நாட்டில் கூடைப்பந்து வேரூன்றியது.

ஆனால் ஆசிரியரும் பந்தும் வளையமும் இருந்தாலும் ஆட்டம் நிலைத்துவிடாது. ஒரு பள்ளி தனக்குள் தானே ஆடிக்கொண்டிருந்தால் அது பயிற்சியாகும், போட்டியாகாது. எதிரணி வேண்டும். அவ்வணி தன்னை ஒத்த வலிமை உடையதாக இருத்தல் வேண்டும். யானையோடு மோதும் ஆட்டுக்குட்டிக்கு வீரம் வளராது, அச்சமே வளரும். இவ்வுண்மையைத் தெளிவாக உணர்ந்து செயற்பட்டவை அமெரிக்க நாட்டுச் சிறு கல்லூரிகள்.

ஒதுக்கப்பட்டோர் அமைத்த வட்டம்

அந்நாட்டில் கல்லூரிகள் தத்தம் அளவுக்கும் அருகாமைக்கும் ஏற்பக் கூட்டமைப்புகளாக இணைந்து, ஆண்டுதோறும் ஒன்றோடொன்று முறைவைத்து ஆடுவது வழக்கம். இவ்வாண்டு நம் களத்தில் ஆட்டம் என்றால், அடுத்த முறை அவர்கள் களத்தில். இறுதியில் கூட்டமைப்பின் வாகையர் யார் என்பது தெரியும். பெரும் பல்கலைக்கழகங்களின் பெயர் நாளேடுகளில் வரும். சிறு கல்லூரிகளுக்கோ தம் கூட்டமைப்பே உலகம்.

1912-ஆம் ஆண்டில் ஹாம்ப்டன், ஹோவர்டு, லிங்கன், ஷா, வர்ஜீனியா யூனியன் ஆகிய கருப்பினத்தவர் கல்லூரிகள் இணைந்து ஒரு கூட்டமைப்பை நிறுவின. வெள்ளையர் கல்லூரிகள் அவர்களோடு ஆட மறுத்த காலம் அது. 'எங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள்' என்று கேட்டுக் காத்திராமல், தங்களுக்குள் ஒரு வட்டத்தை அமைத்துக்கொண்டு அவர்கள் ஆடத் தொடங்கினர்.

அவ்வட்டத்தில் ஒளிவிட்டவர் ஜான் மெக்லெண்டன் என்பவர். கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் பயின்றபோது, அங்கே பேராசிரியராக இருந்த நெய்ஸ்மித்திடமே இவர் பாடம் கேட்டார். ஆட்டத்தைப் படைத்தவரே ஆசானாக வாய்த்தும், நிறத்தின் காரணமாகப் பல்கலைக்கழக அணியில் ஆட இவருக்கு இடமில்லை. மெக்லெண்டன் மனம் கசந்து ஒதுங்கவில்லை. வட கரோலினாவின் டர்ஹம் நகரில் இருந்த சிறு கல்லூரி ஒன்றின் பயிற்றுநராகி, விரைந்து ஓடித் தாக்கும் புதிய ஆட்டமுறையை வளர்த்தார்.

1944-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், ஊரார் தேவாலயம் சென்றிருந்த வேளையில், அதே நகரின் டியூக் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த வெள்ளை மாணவர் அணி மெக்லெண்டனின் கல்லூரிக்கு மறைவாக வந்தது. கதவுகள் பூட்டப்பட்டன. பார்வையாளர் அனுமதிக்கப்படவில்லை. இரு நிறத்தார் சேர்ந்து ஆடுவது அங்கே குற்றமாகக் கருதப்பட்டது. மெக்லெண்டனின் மாணவர்கள் 88-க்கு 44 என்னும் கணக்கில் வென்றனர். அதனினும் பெரிய செய்தி, அதன்பின் நிகழ்ந்தது. இரு அணியினரும் கலந்து, நிறம் பாராமல் இரு புதிய அணிகளாகப் பிரிந்து, மீண்டும் ஒருமுறை ஆடினர்.

1946-இல் மெக்லெண்டன் முதலியோரின் முயற்சியால் அக்கூட்டமைப்பின் முதல் வாகையர் சுற்றுப்போட்டி வாஷிங்டன் நகரில் நடைபெற்றது. அவர் அணியே வென்றது. சிறு கல்லூரிகளுக்கென 1937-ஆம் ஆண்டு முதல் கன்சாஸ் சிட்டியில் தேசியப் போட்டி ஒன்று நடந்து வந்தது. அதனைத் தொடங்கியவர்களுள் முதுமை எய்திய நெய்ஸ்மித்தும் ஒருவர். கருப்பின மாணவருக்கு அடைத்திருந்த அதன் கதவு 1948-இல் திறந்தது. மெக்லெண்டன் பயிற்றுவித்த டென்னசி மாநிலக் கல்லூரி, 1957, 1958, 1959 என மூன்றாண்டுகள் தொடர்ந்து அப்போட்டியில் வாகை சூடியது.

கதவு திறந்த அன்று உள்ளே சென்று வெல்ல அவர்களால் எவ்வாறு முடிந்தது? கதவு மூடியிருந்த அத்தனை ஆண்டுகளும் தம் வட்டத்துக்குள் அவர்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள் என்பதே விடை.

மட்டக்களப்பின் சான்று

'இஃது அமெரிக்கக் கதை, நமக்கென்ன?' என்று சிலர் கேட்கக்கூடும். தமிழர் வாழும் நிலத்திலும் சான்று உண்டு. இலங்கையின் கிழக்குக் கரையில், வாவியின் நடுவே அமைந்த மட்டக்களப்பு நகரில், 1873-ஆம் ஆண்டில் தோன்றியது புனித மிக்கேல் கல்லூரி. தலைநகராகிய கொழும்பு அங்கிருந்து முந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. செல்வமோ செல்வாக்கோ மிகுந்த ஊரன்று. எனினும் இலங்கைக் கூடைப்பந்து வரலாற்றை எழுதப் புகுவோர் அக்கல்லூரியின் பெயரை விடுத்து எழுத இயலாது. தேசிய அணிக்கு ஆட்டக்காரர்களைத் தந்த தமிழ்க் கல்லூரி அது.

இதற்குக் காரணம் இரண்டாம் உலகப் போருக்குப்பின் அமெரிக்காவின் தென்பகுதியிலிருந்து வந்த இயேசு சபைக் குருமார்கள். அவர்களுள் வெபர் அடிகளார் பெயரால் இன்றும் மட்டக்களப்பில் விளையாட்டரங்கம் விளங்குகிறது. மற்றொருவர் யூஜின் ஹேபர்ட் அடிகளார். லூசியானா மாநிலத்தவராகிய இவர் 1948-இல் இலங்கை வந்தார். திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் தமிழ் மாணவர்களுக்குக் கூடைப்பந்து பயிற்றுவித்தார். பின்னர் இளைஞர்களுக்குத் தொழிற்கல்வியும் அளித்தார். போர் மூண்டபோதும் அவர் தாயகம் திரும்பவில்லை. 1990-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள், வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் தம் ஸ்கூட்டரில் ஓர் இளைஞரோடு புறப்பட்டவர் வந்து சேரவில்லை. இருவரும் காணாமற்போயினர். நாற்பத்திரண்டு ஆண்டுகள் ஒரு மக்களோடு வாழ்ந்த ஆசிரியர், அம்மக்களுக்கு நேர்ந்த அதே கதியைத் தாமும் அடைந்தார்.

அவர் கற்பித்த ஆட்டம் அவரோடு மறையவில்லை. அவரிடம் பயின்றோர் பிறருக்குப் பயிற்றுவித்தனர். நிலைத்து நின்ற ஆசிரியர் ஒருவர் விட்டுச் செல்லக்கூடிய செல்வம் இதுவே.

நாம் செய்யத்தக்கது

இனி நம் ஊருக்குத் திரும்புவோம். நம் தமிழ்ப்பள்ளிகள் பல சிறியவை. நூற்றைம்பதுக்கும் குறைவான மாணவர்களைக் கொண்ட பள்ளியை இந்நாட்டில் 'குறைந்த மாணவர் பள்ளி' என வகைப்படுத்துவர். அத்தகைய பள்ளியில் காற்பந்துக்குப் பதினொருவரைத் திரட்டுவதே பாடு. கூடைப்பந்துக்கோ ஐவர் போதும். மாற்றாட்டக்காரரையும் சேர்த்துப் பத்துப்பேர் இருந்தால் ஓர் அணி நிறைவுறும். பரந்த திடல் வேண்டுவதில்லை. முழு அளவுக் களமே 28 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும்தான். தொடக்கப்பள்ளிச் சிறுவர்க்கு வளையத்தை 3.05 மீட்டரிலிருந்து 2.60 மீட்டருக்குத் தாழ்த்தி, சிறிய பந்தும் சிறிய களமும் அமைத்துக்கொள்ளலாம். சபைகூடும் தளத்திலேயே கோடு வரைந்து ஆடலாம். சிறிய பள்ளிக்கென்றே அமைந்தது போன்ற ஆட்டத்தை நாம் பெரிய பள்ளிகளுக்கு உரியதென்று எண்ணி வேலிக்கு வெளியே நின்றுவிட்டோம்.

நமக்கு இல்லாதது பந்தன்று; வட்டம். புக்கிட் மெர்தாஜாம், ஜூரு, பிறை, மாக் மண்டின் ஆகிய இடங்களில் தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. இவை ஒன்றுக்கொன்று எட்டாத தொலைவில் இல்லை. நான்கு பள்ளிகள் இணைந்து, மாதம் இருமுறை ஒரு பள்ளியில் மற்றொரு பள்ளி என முறைவைத்து ஆடினால், ஓராண்டில் நமக்கென ஒரு கூட்டமைப்பு உருவாகும். கோப்பை சிறிதாயிருக்கட்டும், ஆட்டம் தவறாமல் நடக்கட்டும். ஆண்டுக்கு ஒருமுறை மாவட்டப் போட்டிக்கு மாணவரை அழைத்துச் சென்று, முதற்சுற்றிலேயே தோற்று, அன்று மாலையே அனைத்தையும் மறந்துவிடும் வழக்கம் நம்மைவிட்டு அகல வேண்டும். புறப்பாட நடவடிக்கை என்பது குறிப்பேட்டில் எழுதி வைப்பதற்கன்று. பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் ஊர் கூடித் தேர் இழுப்பதுபோல் இதில் கைகொடுத்தல் வேண்டும்.

இவ்வட்டம் பிறரை விலக்கும் சுவராகிவிடக் கூடாது. டர்ஹம் நகரில் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் இரு நிறத்தாரும் கலந்து ஆடியதை நினைவுகூர்தல் நலம். அவர்கள் கதவைப் பூட்டிக்கொண்டு ஆட நேர்ந்தது. நமக்கு அத்தகைய தடை எதுவுமில்லை. நம் பிள்ளைகள் தம்முள் ஆடித் தேர்ந்தபின், பக்கத்துச் சீனப் பள்ளியை நட்பாட்டத்துக்கு அழைக்கலாம், தேசியப்பள்ளியையும் அழைக்கலாம். வேலிக்கு வெளியே நின்று பார்ப்பவன் அண்டை வீட்டான் ஆகான். உள்ளே சென்று எதிர்நின்று ஆடுபவனே நண்பன் ஆவான்.

"நமக்கு இந்த ஆட்டம் இல்லையா?" என்று கேட்ட சிறுவன் இன்று இடைநிலைப்பள்ளிக்குச் சென்றுவிட்டான். அன்று அவனுக்குச் சொல்லாத விடையை அவன் தம்பியர்க்கேனும் சொல்லும் கடமை எனக்கு உண்டு. வரலாறு தரும் விடை இதுதான்: ஆட்டம் நமக்கும் வந்தது, உரிய காலத்திலேயே வந்தது. சென்னையிலும் மட்டக்களப்பிலும் நம்மவர் அதைத் தமதாக்கிக்கொண்டனர். இங்கும் அதை நமதாக்கிக்கொள்ள ஐந்து பிள்ளைகளும், ஒரு வளையமும், ஊரைவிட்டு அகலாத ஓர் ஆசிரியரும், நம்மை ஒத்த ஓர் எதிரணியும் போதும். அவற்றுள் எதுவும் நம் ஆற்றலுக்கு அப்பாற்பட்டதன்று.