சிப்பாய்: அடையாறு முதல் டாங்கா வரை

சென்னையைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துவிட்ட கோபத்தில், 1746 அக்டோபரில் ஆற்காட்டு நவாபு தன் மகன் மாபூஸ் கானைப் பெரும்படையோடு அனுப்பினார். அடையாற்றங்கரையில் அவரை எதிர்கொண்டவர் பிரெஞ்சுப் படையை நடத்திய பாரடி என்ற சுவிஸ்காரர். அவரிடம் பீரங்கி ஒன்றுகூட இல்லை. ஆள்பலமும் ஏறக்குறைய ஆயிரம்தான். அதில் சுமார் 700 பேர் இந்த மண்ணின் ஆட்கள், அதாவது சிப்பாய்கள். பாரடி தயங்காமல் ஆற்றில் இறங்கினார். வரிசை கலையாமல் சுட்டபடி கரையேறியவர்களைக் கண்டு நவாபின் படை சாந்தோம் தெருக்களில் முட்டிமோதி ஓடியது.

உள்ளூர் ஆட்களை ஐரோப்பியப் பாணியில் பழக்கும் இந்த ஏற்பாடு, புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் துமா 1740 வாக்கிலேயே தொடங்கிவைத்தது. ஐரோப்பாவிலிருந்து ஒருவனைக் கப்பலேற்றிக் கொண்டுவந்து காய்ச்சலுக்குப் பலிகொடுப்பதைவிட, உள்ளூரில் சம்பளம் பேசி ஆள் பிடிப்பது பிரெஞ்சுக் கம்பெனிக்குக் கட்டுப்படியானது. எதிர்க்கடையில் விற்கும் சரக்கைத் தானும் வாங்கி வைப்பதுதானே வியாபாரி குணம்? 1748இல் வந்த ஸ்டிரிங்கர் லாரன்ஸ் ஆங்கிலேயருக்கும் அப்படியொரு படையைப் பழக்கிக் கொடுத்தார். அதில் தளபதியாக உயர்ந்த யூசுப் கான், அதாவது நம் மருதநாயகம், மதுரையைத் தானே ஆளத் துணிந்து 1764இல் தூக்கில் ஏற்றப்பட்டார். மராட்டியத் தலைவர் மகாத்ஜி சிந்தியாவும் பின்னாளில் த புவாஞ் என்ற ஐரோப்பியரை அமர்த்தி இதே பாணிப் படையை வளர்த்தார்.

அதற்குள் சிப்பாய் கடல் கடந்திருந்தான். 1762இல் ஸ்பானியரிடமிருந்து மணிலாவைப் பிடிக்கச் சென்னையிலிருந்து கிளம்பிய படையில் சுமார் 600 சிப்பாய்கள். இரண்டே வருடத்தில் ஆங்கிலேயர் மூட்டை கட்டினார்கள். சிப்பாய்களில் சிலர் திரும்பவில்லை. மணிலாவுக்குக் கிழக்கே கைந்தா என்ற ஊரில் பெண் கட்டித் தங்கிவிட்டார்கள். அவர்களின் வழிவந்தவர்கள் அங்கே இன்றும் உண்டு.

சிப்பாயின் உடுப்பே ஒரு ஒப்பந்தம்: மேலே ஆங்கிலக் கம்பெனியின் சிவப்புக் கோட்டு, கீழே தொடையளவு அரைக்கால் சட்டை, தலையில் பாகை. அதில் கைவைத்தபோதுதான் வேலூர் வெடித்தது. தோல் சின்னம் வைத்த புதுத் தலையணி போடு, நெற்றிக்குறியை அழி, கடுக்கனைக் கழற்று, தாடியை மழி என்றார்கள். 1806 ஜூலை 10 விடியுமுன் கோட்டை சிப்பாய்கள் வசமானது. ஆற்காட்டிலிருந்து குதிரையில் விரைந்த ஆங்கிலத் தளபதி கில்லெஸ்பி நூற்றுக்கணக்கானோரைக் கொன்று அன்றே அதை மீட்டார். அதே கில்லெஸ்பி 1811இல் ஜாவாவைப் பிடிக்கப் போனார், வங்காளச் சிப்பாய்களோடு! அங்கும் 1815இல் ஒரு சிப்பாய்ச் சதி அம்பலமானது. இம்முறை சுரகார்த்தா அரண்மனைக்கும் அதில் பங்கிருந்தது.

பின்னாளில் கிழக்கு ஆப்பிரிக்காவில் ஜெர்மானியரும் இதேபோல் உள்ளூர் ஆட்களைப் படையில் சேர்த்து, அஸ்காரி என்றார்கள். முதல் உலகப் போரில், 1914 நவம்பரில், அவர்களின் டாங்கா துறைமுகத்தில் இறங்கிய பிரிட்டிஷ் இந்தியப் படையில் 63ஆவது பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரியும் இருந்தது. ஜெர்மன் தளபதி லெட்டோவ்-போர்பெக்கின் சுமார் ஆயிரம் பேரிடம் 8,000 பேர் தோற்றார்கள். நடுவே கூடு கலைந்த தேனீக்கள் வேறு கொட்டித் தள்ளின. ஜெர்மானியர்தான் அவற்றை ஏவிவிட்டார்கள் என்று பிரிட்டிஷ் தரப்பில் ஒரு கதையும் கிளம்பியது.