கோப்பிக் கொட்டை பல்லில் பட்ட கதை

நைல் நதியின் ஊற்றைத் தேடி எத்தியோப்பியா போன ஸ்கொட்லாந்துக்காரர் ஜேம்ஸ் புரூஸ், 1790இல் வெளியிட்ட தன் பயணநூலில் ஒரோமோ வீரர்களின் கட்டுச்சோற்றைப் பற்றி எழுதினார். வறுத்து இடித்த கோப்பிக் கொட்டையை வெண்ணெயில் பிசைந்து உருண்டை பிடித்துத் தோல் பையில் போட்டுக்கொள்வார்களாம். ஆளுக்கு ஓர் உருண்டை ஒரு நாளைக்குத் தாங்குமாம். கோப்பி அங்கே சாப்பாடாகவே இருந்தது. அரேபிய வணிகர்களோடு இலங்கைக்கு வந்து சேர்ந்த செடிக்கோ வேறு விதி காத்திருந்தது.

சிங்களக் கிராமங்கள் கோப்பி இலையைக் கறிக்குப் போட்டன. மல்லிகைபோல் மணந்த வெள்ளைப் பூவை விகாரைக்குக் கொண்டுபோயின. இங்கே குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் இதை 1859இல் பதிவுசெய்தார். இலைக்கும் பூவுக்கும் வேலை இருந்தது, கொட்டையைத்தான் யாரும் சீண்டவில்லை. ஒல்லாந்தர் பயிரிட்டுப் பார்த்து, ஜாவாவே மேல் என்று கைவிட்டார்கள். அந்தக் கொட்டைக்குள் இருந்தது என்னவென்று உலகத்துக்குச் சொன்னது, கடைசியில் ஒரு பூனை.

ஜெர்மனியில் மருந்துக்கடையில் தொழில் பழகிய ருங்கே என்ற பையனின் கண்ணில் ஒருநாள் பெல்லடோனாச் சாறு தெறித்தது. கண்மணி அகல விரிந்தது. வேறு எவனாக இருந்தாலும் கண்ணைக் கழுவிவிட்டுப் போயிருப்பான். இவன் அதையே ஆராய்ச்சியாக்கிக்கொண்டு யேனாவில் இரசாயனம் படிக்கப் போனான். 1819 ஒக்டோபரில் இரவல் கோட்டோடும், கக்கத்தில் இடுக்கிய பூனையோடும் மகாகவி கோதேயின் வாசலில் போய் நின்றான். சாறு விட்ட பூனைக் கண்ணைக் கண்டு மகிழ்ந்த கோதே, யாரோ ஒரு கிரேக்கர் அரிய பொருளென்று அனுப்பியிருந்த கோப்பிக் கொட்டைப் பெட்டியை எடுத்து, இதையும் ஆராய்ந்து பாரும் என்று நீட்டினார். பூனை போகாவிட்டால் அந்தப் பெட்டி சமையலறைக்குத்தான் போயிருக்கும். சில மாதங்களில் ருங்கேயின் கையில் வெண்மையான படிகம் இருந்தது. அதுதான் கஃபீன். பூச்சிகளை விரட்டச் செடி தனக்குள் சேர்த்து வைத்த நஞ்சு, மனிதனுக்கோ தூக்கத்தை விரட்டும் மருந்து. ஐரோப்பாவின் தாகம் வளர்ந்தது. அதைத் தீர்க்க இலங்கை மலைகளின் மேல் கண் விழுந்தது.

1825இல் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் கன்னொறுவையில் தோட்டம் போட்டார். பிறகு காடு மேல் காடாக விழுந்தது. தமிழகத்திலிருந்து கங்காணிமார் கூட்டிவந்த சனம் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மலைக்கு நடந்தது. நடையிலேயே மாண்டவர்கள் ஏராளம். பெல்மதுளைக்கு மேலே இறக்குவானை, பலாங்கொடைச் சரிவுகளிலும் கோப்பி ஏறியது. துரைமார் கணக்குப் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்த காலத்தில், 1869இல், மடுல்சீமையில் ஓர் இலையின் அடியில் செம்மஞ்சள் தூள் படிந்திருந்தது.

ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ் என்று பூஞ்சணத்துக்குப் பெயரிட்டார்கள். வாயில் நுழையாத துரைமார் 'எமிலி' என்று பெண்பெயர் சூட்டினார்கள். நாசக்காரி பதினைந்து வருடத்தில் தோட்டங்களைத் தின்று முடித்தாள். 1884இல் ஓரியண்டல் வங்கியே விழுந்தது. சரிவெல்லாம் தேயிலை ஏறியது. கோப்பியின் கதை முடிந்ததென்றே எல்லோரும் நினைத்தார்கள், ஆபிரிக்காவிலிருந்து ஒரு முரட்டு உறவுக்காரன் வரும்வரை.

ரொபஸ்டாவை எமிலியால் அசைக்க முடியவில்லை. வெக்கையும் தாழ்நிலமும் அதற்குப் பிடித்தன. சப்ரகமுவையின் வீட்டுத் தோட்டங்களில் பாக்கு, பலா நிழலில் அது வேர்விட்டது. பழைய அரபிக்காவில் கஃபீன் நூற்றுக்கு ஏறக்குறைய 1.2 பங்கு, ரொபஸ்டாவில் 2.2. நோய் ஒன்றைக் கொன்று இன்னொன்றுக்கு இடம்விட்டதில், கொட்டையின் வீரியம் கிட்டத்தட்ட இரட்டித்திருந்தது. வீரியத்தோடு ஒளிந்திருந்த இன்னொரு பொருள் மட்டும் இன்னும் பிடிபடவில்லை.

1908இல் டிரெஸ்டன் நகரத்து இல்லத்தரசி மெலிட்டா பென்ட்ஸ், கோப்பையில் மண்டி தங்குவது பொறுக்காமல், பித்தளைப் பாத்திரத்தில் ஆணியால் துளையிட்டு, மகனின் பள்ளிக் கொப்பியிலிருந்து கிழித்த ஒற்றுத்தாளை விரித்து வடித்தார். மண்டி நின்றது. கூடவே வேறொன்றும் நின்றது என்று அந்த அம்மாவுக்குத் தெரியாது.

1983இல் நோர்வேயின் துரொம்சோ நகரத்து ஆய்வு, கோப்பி கூடினால் கொலஸ்திரோலும் கூடுகிறது என்றது. அங்கே பலர் தூளைக் கொதிக்கவைத்து அப்படியே குடிப்பவர்கள். தேடியதில் கொட்டையின் எண்ணெயில் இருக்கும் கஃபெஸ்டோல், கஹ்வியோல் சிக்கின. மெலிட்டாவின் தாள் பிடித்து வைத்திருந்தவை இவைதான். தாளும் வேண்டாம் தண்ணீரும் வேண்டாம் என்று கொட்டையையே தின்றால் என்ன ஆகும்?

அந்தக் கேள்வியில் காசு பார்த்தவர்களும் உண்டு. பச்சைக் கொட்டைச் சாறு உடலை இளைக்க வைக்கும் என்று, இந்தியாவில் 16 பேரை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2012இல் வெளியாகி, அமெரிக்கத் தொலைக்காட்சி வழியே சாறு போத்தல் போத்தலாக விற்றது. 2014இல் அந்த ஆய்வு திரும்பப் பெறப்பட்டது. பச்சைக் கொட்டையில் நிறைந்திருக்கும் குளோரோஜெனிக் அமிலம் நல்ல பொருள்தான். வறுக்க வறுக்க அதில் பெரும்பங்கு அழியும். அதற்காகப் பச்சையைக் கடித்தால் முதலில் அழிவது பல்.

இத்தனை பேர் கைமாறி வந்ததுதான், பெல்மதுளை லயத்து அடுப்பில் தாச்சி சூடேறும்போது பிள்ளைகள் பொறுக்கி வாயில் போடும் அந்தக் கறுத்த கொட்டை. கடைகளில் சாக்லேட் பூசி விற்பதும் அதுவே. நறுக்கென்று உடைந்து கசக்கும் ஒரு ரொபஸ்டாக் கொட்டையில் கஃபீன் ஏறக்குறைய 3 மில்லிகிராம். வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு 400, கர்ப்பிணிக்கு 200, பிள்ளைக்கு ஒரு கிலோ எடைக்கு 3 என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015இல் சொன்ன எல்லை. 20 கிலோப் பிள்ளைக்கு 20 கொட்டையிலேயே கணக்கு முடிகிறது. 20 கிராம் நிறைந்த ஒரு பிடியோ பெரியவரின் எல்லையையும் தாண்டும். நெஞ்செரிச்சல், படபடப்பு, தூக்கமின்மை எல்லாம் சிலருக்கு அதற்கு முன்பே தொடங்கும். தின்பவருக்கு நார்ச்சத்து முழுதாகக் கிடைக்கிறது, எண்ணெயும் முழுதாகவே உள்ளே போகிறது. தினமும் தின்றால் கொலஸ்திரோலில் அது தெரியும். சோற்றோடு சேர்ந்து போனால் கீரையின் இரும்புச்சத்து உடலில் சரியாக ஒட்டாது. இரத்தம் குறைந்த பெண்கள் சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது கழித்துக் கடிப்பது நல்லது. தேத்தண்ணிக்கும் அதே கணக்குத்தான்.